வரமாட்டேன் என்று நீ சொல்லவேயில்லை

என் மாமன் மகளே, சௌந்தரம்,

உனக்குக் கடிதம் எழுதி ரொம்ப நாளாகிவிட்டது. மலாயாவில் நான் தனியாக இருந்த அந்த இரண்டு வருஷமும் மாதம் இரண்டு கடிதம் தவறாமல் போட்டேன். அவையெல்லாம் முதலில் அண்ணன் கைக்குப் போகும், அவர் படித்த பிறகுதான் உன்னிடம் வரும் என்று தெரிந்தே எழுதியவை. மழை பெய்தது, ரப்பர் மரத்தில் பால் குறைவு, உடம்பைப் பார்த்துக்கொள். ஒரு புருஷன் பெண்டாட்டிக்கு எழுதுகிற கடிதமா அது? துரைக்கு நான் எழுதிய ஆபீஸ் அறிக்கைகளில்கூட அதைவிடக் கொஞ்சம் உயிர் இருந்திருக்கும்.

இந்தக் கடிதமும் உனக்கு மட்டும் இல்லை. நம் தோட்டத்து மனமகிழ் மன்றத்துக்கு இதை அனுப்பப் போகிறேன். வருஷாந்தரப் பூப்பந்துப் போட்டி நடக்கிற சாயங்காலம், ஆட்டம் தொடங்குவதற்கு முன்னால், நம் பக்கத்து வீட்டு டிரெஸ்ஸர் இதை எல்லாரும் கேட்க வாசிக்க வேண்டும். ஏனென்றால் அங்கே உன்மேல் ஒரு குறை நிற்கிறது. 'சௌந்தரம் ஊருக்குப் போனதும் நம்மை மறந்துவிட்டது, இனி வரமாட்டேன் என்று அதுவே சொல்லிவிட்டது' என்று. நீ அப்படிச் சொல்லவில்லை. சொன்னதாகச் சொன்னவன் நான். நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது, அந்தப் பொய் இன்னும் உன் பேரில்தான் இருக்கிறது. அதை எடுத்துவிட வேண்டும்.

ஒரு நகலை அண்ணனுக்கும் கொடுக்கப் போகிறேன். அவருக்கு அந்த ஊர் ஆட்களைத் தெரியாது. அதனால் உனக்கு நன்றாகத் தெரிந்ததையே விளக்கி எழுதினால் 'எனக்கே கதை சொல்றீங்களா' என்று கேட்காதே.

முதலில் வீட்டுச் செய்தி. கீரமங்கலத்துக்குக் கரண்ட் வந்து, நம் வீட்டிலும் மூன்று பல்பு எரிகிறது. நீ கொல்லையில் வைத்த பலா இந்த வருஷம் முதல் காய் காய்த்தது. புதுக்கோட்டை பஸ் ஓட்டுகிறவர் மாறிவிட்டார். இந்த ஆள் கை காட்டினால் நிறுத்துகிறார். அண்ணிக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. நான் காலையில் எழுந்து காப்பி போடுகிறேன், அதைக் குடிக்கவும் செய்கிறேன். நீ நம்பமாட்டாய்.

உன்னை மலாயாவுக்கு ஏன் கூட்டிக்கொண்டு போனேன் என்று அண்ணனுக்கு இன்றைக்கு வரைக்கும் தெரியாது. நம் பக்கத்தில் அந்தக் காலத்தில் யார் பெண்டாட்டியைக் கப்பல் ஏற்றினார்கள்? ஆண்கள் போவார்கள், மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை வருவார்கள், வீடு கட்டுவார்கள், திரும்பிப் போவார்கள். பெண்கள் அந்த வீட்டில் இருப்பார்கள். நான் ஒன்றும் பெரிய புரட்சிக்காரன் இல்லை. தோட்டத்தில் கிராணி வேலை, அதாவது ஆபீஸ் எழுத்து வேலை, பார்க்கிறவனுக்குத் தனி வீடு வேண்டுமானால் சம்சாரத்தோடு வர வேண்டும் என்று துரை சொல்லிவிட்டார். மூன்று கட்டைப் பிரம்மச்சாரிகளோடு ஒரே அறையில் கிடந்து, அவர்கள் குறட்டையைக் கேட்டு அலுத்துப்போயிருந்தேன். வீட்டுக்காகத்தான் உன்னைக் கூட்டிப்போனேன். இதை உன்னிடமே ஒரு நாள் சொன்னேன். "பரவாயில்ல, நானும் கப்பல் பாக்கத்தான் ஒங்களைக் கட்டிக்கிட்டேன்" என்றாய்.

நாகப்பட்டினத்தில் ஏறிப் பினாங்கில் இறங்குகிற வரைக்கும் வாந்தி எடுத்தவன் நான். நீ மேல்தட்டில் நின்று கடலைப் பார்த்துக்கொண்டு, இறங்குவதற்குள் கப்பலில் இருந்த பெண்களில் பாதிப்பேருடைய சரித்திரத்தையும் தெரிந்துகொண்டு வந்தாய்.

மரத்தூண்கள்மேல் நின்ற அந்தப் பலகை வீட்டை முதலில் பார்த்ததும் நீ கேட்ட கேள்வி ஞாபகம் இருக்கிறதா? "வீட்டுக்குக் கீழ யாரு குடியிருக்காக?" என்றாய். கோழிகள்தான் குடியிருந்தன. ஒரு மாதத்தில் எல்லாவற்றுக்கும் பேர் வைத்துவிட்டாய். அதற்குப் பிறகு அவற்றில் ஒன்றைக்கூட அடித்துக் குழம்பு வைக்க முடியவில்லை. கறி வேண்டுமானால் நான் டவுனுக்குப் போக வேண்டியிருந்தது.

டவுன் நாலு மைல். நீ சைக்கிள் பழகியது அந்த நாலு மைல் செம்மண் ரோட்டில்தான். மூன்று நாளில் ஐந்து தடவை ஓரத்துக் கால்வாயில் விழுந்தாய். ஒவ்வொரு தடவையும் எழுந்து சேலையை உதறிவிட்டு, "ரோடு கோணலா இருக்கு" என்றாய். நான் பின்னால் பிடித்துக்கொண்டு ஓடி ஓடி இளைத்துப்போனேன். நான்காம் நாள் பிடியை விட்டுவிட்டு நின்றதுகூடத் தெரியாமல் நீ பாட்டுக்குப் பேசிக்கொண்டே போனாய். வளைவில் திரும்பும்போதுதான் நான் கூட இல்லை என்று பார்த்தாய். இறங்கத் தெரியாதே உனக்கு. ரப்பர் மரத்தைக் கட்டிப்பிடித்து நின்றாய்.

டுரியான் பழம் வாங்கிய கதையை அண்ணிக்கு நீ எத்தனை தடவை சொல்லியிருப்பாய்! டவுனில் ஆசைப்பட்டு இரண்டு பழம் வாங்கினோம். அந்த நாற்றத்துக்கு பஸ்ஸில் ஏற்ற மாட்டேன் என்று கண்டக்டர் இறக்கிவிட்டார். வெயிலில் நடந்தோம். பாதி வழியில் ஒரு பாலத்துக் கட்டையில் உட்கார்ந்து, "கொஞ்சம் ருசி பாப்பமே" என்றாய். வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது கையில் ஒன்றும் இல்லை. உன் சேலைத் தலைப்பில் ஒட்டிய வாசனை மட்டும் நாலு துவைப்புக்குப் போகவில்லை.

பூப்பந்துக்கு வருகிறேன். ஆபீஸுக்கும் ரப்பர் ஸ்டோருக்கும் நடுவில் இருந்த மண் தரைதான் நம் களம். டிரெஸ்ஸர் அதைப் போட்டார். தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுப்பவருக்கு அங்கே டிரெஸ்ஸர் என்று பேர். தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். அவர் சம்சாரம் ஞானம் நம் பக்கத்து வீடு. உன் வயதுதான். நீங்கள் இருவரும் சேர்ந்த முதல் நாளே, நமக்கு இனிமேல் வீட்டில் சொல்லுக்கு மதிப்பில்லை என்று டிரெஸ்ஸர் என்னிடம் சொல்லிவிட்டார். சுண்ணாம்பில் கோடு போட்டது ஞானம். கிழிந்த வலையை மீன்வலை நூலால் பின்னியது நீ. பெண்கள் நீங்கள் முதலில் பார்க்க வந்து, பிறகு பந்து பொறுக்கிக் கொடுத்து, ஒரு மாதத்தில் எங்கள் கையிலிருந்து மட்டையைப் பிடுங்கிக்கொண்டீர்கள்.

வெறுங்காலில் ஓடி உன் குதிகால் வெடித்தது. சாமான் கடை வைத்திருந்த சீனர் லிம் உனக்கு ஒரு ஜோடி வெள்ளைக் கான்வாஸ் சூ கொண்டுவந்தார். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, அந்தச் சூவைப் போட்டுக்கொண்டு நீ களத்தில் இறங்கிய கோலத்தை நான் எந்த ஸ்டுடியோவிலும் படம் எடுத்துவைக்காமல் போனேன். ஊருக்கு அனுப்ப ஒரு படம் எடுத்தோமே, அதற்கும் நீ அந்தச் சூவோடுதான் வந்திருந்தாய். கழற்றினால் கட்ட அரைமணி ஆகும் என்று பூந்தொட்டிக்குப் பின்னால் நின்றுகொண்டாய். 'உன் சம்சாரம் ஏன் செடிக்குள்ளே நிற்கிறது' என்று அண்ணன் கேட்டு எழுதினார். அதுதான் இங்கே நாகரிகம் என்று பதில் போட்டேன். அண்ணே, அது பொய். இப்போது தெரிந்துகொள்ளுங்கள்.

ஜோடி ஜோடியாக ஆடுகிற போட்டிதான் நமக்குச் சோதனை. பந்து இரண்டு பேருக்கும் நடுவில் வந்தால் யாராவது ஒருவர் குரல் கொடுக்க வேண்டும். லிம்மின் சம்சாரம் அவரைப் பேர் சொல்லி அதட்டும், அவர் ஓடி அடிப்பார். நீயோ என் பேரைச் சொல்லமாட்டாய். டிரெஸ்ஸரும் ஞானமும் எதிரில் நின்ற முதல் ஆட்டத்தில், நடுவில் வந்த பந்தைப் பார்த்து நீ "ஏங்க!" என்று கத்தினாய். நான் திரும்பினேன். வலைக்கு அந்தப் பக்கம் டிரெஸ்ஸரும் திரும்பினார். அடுத்த பந்துக்கு ஞானம் "ஏங்க!" என்றது. இரண்டு புருஷன்மாரும் அவரவர் பெண்டாட்டி முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க, பந்து டிரெஸ்ஸர் காலடியில் விழுந்தது. லிம் சிரித்த சிரிப்பில் அவர் பெஞ்சு ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது.

வீட்டுக்கு வந்து, "களத்துல மட்டும் பேரைச் சொல்லித் தொலையேன்" என்றேன்.

"அதுக்குத் தோத்தே போயிடலாம்" என்றாய்.

இரண்டு நாள் யோசித்துவிட்டு, அடுப்படியிலிருந்து கரண்டியோடு வந்தாய். "நான் அடிக்கிறதா இருந்தா இங்கிட்டும்பேன். நீங்க அடிக்கணும்னா அங்கிட்டும்பேன். போதுமா?" அதற்குப் பிறகு நாம் எத்தனை ஆட்டம் ஜெயித்தோம்! மூன்று மாதத்தில் லிம் ஜோடியும் 'இங்கித்து, அங்கித்து' என்று கத்த ஆரம்பித்தார்கள். பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஆட வந்த மலாய்க் கிராணி, இது ஆட்டத்தின் விதிமுறை போலிருக்கிறது என்று நினைத்து என்னிடம் விளக்கம் கேட்டார்.

கெட்ட காலமும்தான் அது. தோட்டத்தைச் சுற்றி முள்கம்பி வேலி. காட்டுக்குள் கம்யூனிஸ்டுகளுக்கும் பட்டாளத்துக்கும் சண்டை. சாயங்காலம் ஆறு மணிக்குச் சங்கு ஊதினால் கதவைப் பூட்டிவிடுவார்கள். வேலிக்கு வெளியே தலை தெரிந்தால் சுடலாம் என்று உத்தரவு. ஒரு நாள் கடைசிப் பந்து காற்றில் போய் வேலிக்கு வெளியே விழுந்தது. இருந்தது அந்த ஒரு பந்துதான். சங்கும் ஊதிவிட்டது. விடு என்றேன். நீ என் குடையை எடுத்துப்போய், தரையில் படுத்து, கம்பிக்கு அடியில் கையை விட்டுக் குடைக்கொக்கியால் அதை இழுத்தாய். காவற்காரர் துப்பாக்கியோடு ஓடி வந்து கத்தினார். பந்தை அவரிடம் தூக்கிக் காட்டிச் சிரித்தாய். அவரும் சிரித்துவிட்டார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. அன்றைக்கு உன்னைத் திட்டிய திட்டு வேறு யாருக்கும் கேட்டிருக்காது, பல்லைக் கடித்துக்கொண்டே திட்டினேன். நீ போய்விட்டால் நான் என்ன செய்வேன் என்கிற பயம்தான் அது. அதைச் சொல்லத் தெரியாமல் திட்டினேன்.

பத்து வருஷம் அப்படிப் போனது. நமக்குப் பிள்ளை இல்லை. உனக்கு அந்த வருத்தம் இருந்தது, எனக்கும் இருந்தது. ஆனால் சாயங்காலம் நாலரை மணிக்கு மட்டையை எடுத்துக்கொண்டு படியிறங்கும்போது நாம் இருவரும் சந்தோஷமாக இருந்தோம். அதை இங்கே யாரிடம் சொன்னாலும் புரியவில்லை. மலாயாவில் என்ன செய்தீர்கள் என்று கேட்கிறார்கள், ஆடினோம் என்றால் சிரிக்கிறார்கள்.

இனிமேல் எழுதுவதுதான் கஷ்டமான பகுதி.

எனக்கு ஆறு மாத லீவு கிடைத்தது. கப்பலுக்கு நாள் குறித்த சமயத்தில் அண்ணன் கடிதம் வந்தது. 'வீடு கட்டியாச்சு, பூட்டிப் போட முடியாது. விளக்கேற்ற ஒரு பெண்பிள்ளை வேண்டும். ஆவுடையார்கோயிலில் பிள்ளைக்கு வேண்டிக்கொண்டு அது இங்கேயே இருக்கட்டும், நீ மட்டும் திரும்பிப் போ. நம் பக்கத்தில் எல்லாரும் செய்வதுதானே.' அதை உன்னிடம் காட்டவில்லை. லீவில் போகிறவன் மறுபடி மலாயாவுக்குள் வர வேண்டுமானால் அதற்கு ஓர் அனுமதிப் பேப்பர் முன்கூட்டியே வாங்க வேண்டும். டவுன் ஆபீஸில் இரண்டு பாரம் கொடுத்தார்கள். ஒன்றை நிரப்பினேன். இன்னொன்றை மேஜைமேலேயே வைத்துவிட்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்ததும், "ரெண்டு பேருக்கும் பேப்பர் ஆச்சா?" என்று கேட்டாய். "ஆச்சு" என்றேன். அண்ணனை எதிர்த்து எனக்குப் பழக்கமில்லை. உன்னிடம் சொல்லித் தர்க்கம் பண்ணவும் தைரியமில்லை. ஊருக்குப் போனால் நீயே இருந்துவிடுவாய், பெண்களுக்கு ஊர்தானே பிடிக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பத்து வருஷம் கூட இருந்து பார்த்தவன் நினைக்கிற நினைப்பா அது?

நீ உன் மட்டையை ஞானத்திடம் கொடுத்தாய். "ஆறு மாசந்தான்டி. நரம்பு தளராமப் பாத்துக்க" என்றாய். ஞானம் அழுதது. நீ அதைக் கேலி பண்ணினாய்.

ஊருக்கு வந்து ஆவுடையார்கோயிலுக்குப் போனோம். எல்லாரும் மண்டபத்துச் சிற்பத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். நீ தூணுக்கும் தூணுக்கும் நடுவில் காலால் அளந்துவிட்டு என் காதில் சொன்னாய், "இங்க ஒரு வலையைக் கட்டுனா காத்தே அடிக்காது, பந்து நேராப் போகும்." நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். சந்நிதியில் சிரிக்கிறானே என்று அண்ணன் முறைத்தார். அந்த நிமிஷத்திலாவது உன்னிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

கப்பலுக்குப் பத்து நாள் இருந்தபோது நீ பெட்டி அடுக்கினாய். இரண்டு பேர் துணியையும் அடுக்கினாய்.

"எம் பேப்பரை எங்க வச்சிருக்கீங்க? ரெண்டையும் ஒரே கவர்ல வச்சுத் தாரேன்."

"ஒனக்கு இல்ல, சௌந்தரம்."

"கெடைக்கலையா, வாங்கலையா?"

"வாங்கல."

கையில் இருந்த என் சட்டையை மடித்து முடித்தாய். உன் சேலைகளை மட்டும் எடுத்து மறுபடியும் கொடியில் போட்டாய். மூன்று நாள் சோறு போட்டாய், பேசவில்லை. நாலாம் நாள் எனக்கு எண்ணெய் தேய்த்துவிட்டுக்கொண்டே சொன்னாய். "எனக்கு வந்த பந்தை நீங்க குறுக்க வந்து அடிச்சாக்கூட எனக்குக் கோவம் வரும்னு ஒங்களுக்குத் தெரியும்ல?"

தெரியும். எனக்குத் தெரியாமல் யாருக்குத் தெரியும்? ஆனாலும் கப்பல் ஏறினேன்.

தோட்டத்தில் போய் இறங்கினபோது ஞானம் உன் மட்டையோடு வாசலில் நின்றது. புது நரம்பு கட்டி வைத்திருந்தது. என் பின்னால் எட்டிப் பார்த்தது.

"எங்கண்ணே சௌந்தரம்?"

நடந்ததைச் சொல்லியிருந்தால், 'நீங்க யாரு அதை முடிவு பண்ண?' என்று அங்கேயே கேட்டிருக்கும். அது அப்படிப்பட்ட ஆள். எனக்கு வெட்கமாக இருந்தது. "அது வரல. ஊர்லயே இருந்துக்கிறேன்னு சொல்லிருச்சு" என்றேன்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே" என்றது ஞானம். மட்டையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டது. அன்று சாயங்காலத்துக்குள் லிம்முக்கும் தெரிந்துவிட்டது, எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. அவர்கள் என்மேல் கோபப்படவில்லை. உன்மேல்தான் மனம் கசந்தார்கள். அதை நான் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தேன்.

அதற்குப் பிறகு நான் களத்துக்குப் போகவில்லை. நாலரை மணிக்குச் சத்தம் கேட்க ஆரம்பித்தால் ஆபீஸ் ஜன்னலைச் சாத்திக்கொண்டு வேலை இருப்பதுபோல உட்கார்ந்திருப்பேன். இரண்டு மாதம் அப்படி ஓடியது. ஒரு நாள் ஞானம் ஆபீஸ் வாசலில் வந்து நின்று, "வாங்கண்ணே, ஆள் கொறையுது" என்றது. முகம் சரியில்லை, ஆனாலும் கூப்பிட்டது. போனேன். அதற்குப் பிறகும் நாள் தவறாமல் வந்து கூப்பிட்டது. சரி, நான் சொன்னதை எல்லாரும் ஏற்றுக்கொண்டு மறந்துவிட்டார்கள் என்று நினைத்து நிம்மதியாகத் தூங்கினேன். உன் கடிதங்களிலும் இதைப் பற்றி ஒரு வார்த்தை இருக்காது. வீட்டில் அனைவரும் சுகம் என்றுதான் இருக்கும்.

இரண்டு வருஷம் கழித்து, விஷக்காய்ச்சல் என்று ஒரு தந்தியும் எல்லாம் முடிந்தது என்று இன்னொரு தந்தியும் ஒரே நாளில் வந்தன. கப்பல் பிடித்து நான் வந்து சேர்வதற்குள் பதினாறாம் நாள் காரியமும் முடிந்திருந்தது. உன் முகத்தை நான் பார்க்கவில்லை, சௌந்தரம்.

போன சித்திரையில் அண்ணி மோர் கொண்டுவந்து வைத்துவிட்டுத் தற்செயலாகச் சொன்னது. "மலாயாத் தபால் வந்தா சௌந்தரம் மொதல்ல ஞானம்ங்கிற பேரு இருக்கான்னுதான் பாக்கும் தம்பி. இல்லைன்னா ஒங்க கடுதாசியை வாங்கிக்கிரும். ஒரே ஒரு தடவதான் அந்தப் புள்ள எழுதுச்சு. அப்புறம் எழுதவே இல்ல. ஏன்னு கேட்டா, அதுக்கு வேலை இருக்கும்னு சொல்லும்."

மோரைக் குடிக்க முடியவில்லை. மலாயாவை மட்டும்தான் உன்னிடமிருந்து பிடுங்கினேன் என்று நினைத்திருந்தேன். உன் சிநேகிதியையும் பிடுங்கியிருக்கிறேன். அன்றைக்கே ஞானத்துக்கு எல்லாவற்றையும் எழுதினேன். பேப்பர், அண்ணன் கடிதம், மேஜைமேல் விட்டுவந்த பாரம், ஒன்றையும் விடவில்லை. நேற்று அதற்குப் பதில் வந்தது.

'அண்ணே, ஒங்கமேல எனக்கு இப்ப இருக்குற கோவத்தை எழுதுனா தபால்காரர் வாங்கமாட்டார். ரெண்டு நாள் நான் அடுப்பு மூட்டல. இவரே சமைச்சார். நீங்க சொன்னதை நான் அன்னிக்கு முழுசா நம்பல. அதனால அவளுக்கே எழுதிக் கேட்டேன், ரொம்பத் திட்டித்தான் எழுதினேன். அவ பதில் போட்டா. அதைப் பாத்துட்டுத்தான் நம்பினேன். அதுக்கப்புறம் நான் அவளுக்கு எழுதல. அந்தப் பாவம் எனக்கு. அவ எழுதினதை இதோட வச்சிருக்கேன். படிச்சுட்டுத் திருப்பிக் குடுத்துடணும். அவ கையெழுத்து எங்கிட்ட இது ஒண்ணுதான் இருக்கு.'

உள்ளே உன் கடிதம் இருந்தது. இங்கே அப்படியே எழுதுகிறேன். அங்கே எல்லாரும் கேட்கட்டும்.

'ஞானத்துக்கு சௌந்தரம் எழுதுறது. ஒன் கடுதாசி கெடச்சுச்சு. நீ திட்டுனது எல்லாம் சரிதான். அவுக சொன்னது நெசம். நாந்தான் வரலைன்னு சொன்னேன். ஊரு பழகிப்போச்சு. அவுகளை இதைப் பத்தி ஒண்ணும் கேக்காத. சாயங்காலமானா அவுகளைக் களத்துக்குக் கூப்புடு. தானா வரமாட்டாக, ஆபீஸ்லயே ஒக்காந்துக்கிருவாக. நீ போயிக் கூப்புட்டா வருவாக. தெனமும் கூப்புடு. எம் மட்டை சும்மா தொங்க வேணாம், யாருக்காச்சும் குடுத்துரு.'

இதை நான் இரண்டு தரம் படித்தேன். பிறகு அழுதேன். 

உனக்குத் தெரிந்திருக்கிறது. உன் பேரில் நான் சொன்ன பொய் தெரிந்திருக்கிறது. தெரிந்தும் அதற்குக் கையெழுத்துப் போட்டிருக்கிறாய். உனக்கு இருந்த ஒரே சிநேகிதியை விட்டுக்கொடுத்து, நான் சாயங்காலம் தனியாக உட்காராமல் பார்த்துக்கொண்டிருக்கிறாய். நான் மாதம் இரண்டு தடவை உனக்கு மழையைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தேன். ஒரு வரி என்னைத் திட்டி எழுதியிருக்கக் கூடாதா? அண்ணன் படிப்பார் என்றா? இல்லை, நானே சொல்வேன் என்று காத்திருந்தாயா? இனி யாரிடம் போய்க் கேட்பேன்?

இதுவரை எழுதியதை இன்று மத்தியானம் அண்ணனிடம் படித்துக் காட்டினேன். முழுக்கக் கேட்டார். "இதுல என்னடா தப்பு? எல்லாரும் செய்யிறதுதானே" என்றார்.

"எல்லாரும் செய்யிறதுதாண்ணே. நான் அதுகிட்ட ஒரு வார்த்தை கேக்கல" என்றேன்.

அண்ணன் கடிதத்தை வாங்கி, அந்த இடத்தைத் தானே ஒரு தடவை படித்தார். பிறகு, "கடுதாசியை நான் எழுதியிருக்க வேணாம்" என்று சொல்லிவிட்டுத் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். அவர் அப்படிச் சொல்லி நான் கேட்டது இதுதான் முதல் தடவை.

டிரெஸ்ஸரை வாசிக்கச் சொல்லலாம் என்று தொடங்கினேன். இப்போது அது சரியில்லை. நீ எழுதியதைத் தபாலில் அனுப்பவும் எனக்கு மனம் வரவில்லை. என் பேப்பருக்கு இன்னும் மூன்று மாதம் தவணை இருக்கிறது, போட்டிக்கு ஐந்து வாரம் இருக்கிறது. அடுத்த கப்பலில் போகிறேன். உன் கடிதத்தை ஞானத்தின் கையிலேயே கொடுப்பேன். களத்தின் நடுவில் நின்று, 'வரமாட்டேன் என்று சௌந்தரம் சொல்லவில்லை, கூட்டிவராமல் விட்டவன் நான்' என்று என் வாயாலேயே சொல்வேன். இது உனக்கு நான் பண்ணிக் கொடுக்கிற சத்தியம்.

அதற்குப் பிறகு ஞானம் என்னை ஆட்டத்துக்குக் கூப்பிடாவிட்டால், கூப்பிடாமலே இருக்கட்டும், சௌந்தரம்.

உன்னை ஒரு வார்த்தை கேட்காமல் கப்பல் ஏறிய
உன் அத்தை மகன்